காலி லேது

ஆரம்பாக்கத்துக்கு வடக்கே, தடா போகும் சாலையில்
எல்லைப் பலகையைத் தாண்டாமல் வலப்பக்கம் திரும்பினால்
ஒன்பது குளங்கள். வனாமி இறால்.
முதலாளி பெஞ்சலய்யா அந்தப் பக்கம்,
மின் இணைப்பு இந்தப் பக்கம்.
கட்டிலின் தலைமாடு ஒரு மாநிலம், கால்மாடு இன்னொன்று என்று
என் போன் விடிய விடிய வரவேற்பு அனுப்பும்.

நான் எழுதிய மென்பொருளுக்குக் குளம் தெரியாது.
ஆக்ஸிஜன் எவ்வளவு என்று மட்டும் கேட்கும்.
பதில் சொல்லப் பின்னால்
ஆளுக்கொரு பாஷையில் டிரைவர்கள்.
ஜெர்மன் கருவி வயரில் பதினாறு பிட்டாய் முனகும்,
சீனத்தது வோல்டேஜைத் தரும், கணக்கு நம் பாடு,
மூன்றாம் குளத்தில் ப்ளூடூத்; மழை வந்தால் ஊமை.
எது பேசினாலும் மேலே ஒரே மாதிரி எண்ணாய் வரவேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இன்னொன்றும் இருந்தது.
சென்னையில், எட்டாவது மாடியில், குளமே இல்லாத மேசையில்
சோதித்துப் பார்க்க நானே செய்த பொம்மை.
கேட்டால் 6.2 என்னும்.
எப்போது கேட்டாலும் 6.2.
இறால் ராஜாவாய் வாழும் அளவு.
அழிக்க மறந்தேன் என்று அறிக்கையில் எழுதினேன்.
மறக்கவில்லை. இருக்கட்டுமே என்று விட்டேன்.

ஆவணியில் ஒரு ராத்திரி
கரண்ட் போய் வந்தது. பெட்டி அணைந்து எழுந்தது.
எழும்போது யார் முதலில் பேர் கொடுக்கிறாரோ
அவரே அந்த வேலைக்கு ஆள்.
நான் வகுத்த விதி.
ஜெர்மன்காரன் தயாராக ஏழு நொடி.
பொம்மைக்குத் தயாராக என்ன இருக்கிறது?

மூன்றரைக்குப் போன்.
"காலி லேது மேடம்," என்றார் போலய்யா.
நான் வந்து இருபத்தாறு நாள். என் தெலுங்கில்
லேது என்றால் இல்லை. அவ்வளவு தெரியும்.
காலி இல்லை. டீசல் டேங்கைச் சொல்கிறார்,
காலியாகவில்லையாம், நல்லது.
திரையைப் பார்த்தேன். ஒன்பது குளமும் 6.2.
ஒன்பதும் ஒரே எண் என்பது உறைத்திருக்க வேண்டும்.
அழகாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

காலி என்றால் அங்கே காற்று.

விடியும்போது நாலாம் குளத்து ஓரமெல்லாம் மீசைகள்,
தண்ணீருக்கு வெளியே எதையோ தடவியபடி நின்றுபோய்.
மற்ற எட்டிலும் அவர்
பூட்டை உடைத்து, சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளி
துடுப்புச் சக்கரங்களை ஓட விட்டிருந்தார்.
தொடாதே என்று நான் எழுதி ஒட்டவைத்த தாளை மட்டும்
கிழிக்காமல் மடித்து வைத்திருந்தார்.
நாலாவதின் மோட்டார் எழவில்லை.

சூலூர்பேட்டை வண்டி வந்தது. கிலோ எழுபது.
பெஞ்சலய்யா என்னைத் திட்டவில்லை;
கணக்கை என் எதிரில் இருமுறை சத்தமாகக் கூட்டினார்.

பொம்மையை அழிக்க ஒரு நிமிஷம்.
அப்புறம்தான் தெரிந்தது, என் நிரலில்
எண்ணுக்கு இடமுண்டு, "தெரியாது" என்பதற்கு இல்லை.
கருவி செத்தால் பூஜ்யம் சொல்லும், அல்லது பழையதைச் சொல்லும்.
வாயை மூடிக்கொண்டிருக்க வழியே வைக்கவில்லை.
நாலு நாள் பிடித்தது அந்த ஒரு சொல்லைக்
கீழிருந்து மேல்வரை ஏற்ற.

போலய்யாவையும் பதிவு செய்தேன்.
அவர் போனில் ஒரே பட்டன், தெலுங்கு எழுத்தில்: காலி லேது.
முன்னுரிமை, எல்லாருக்கும் மேலே.
அளவெடுக்கும் இடைவெளி, அவர் விழிக்கும்போது.

நேற்று பத்தேகாலுக்கு அழுத்திவிட்டார்.
ஒன்பது குளத்திலும் சக்கரம் சுற்ற, ஓடினேன்.
ஜெர்மன் 5.4. சீனம் 5.1. ப்ளூடூத்: தெரியாது.
கரையில் சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.
"காலி லேது மேடம்," என்றார், ஆகாசத்தைக் காட்டி.
ஓர் இலை அசையவில்லை. ஏரிப்பக்கமிருந்து ஒரு மூச்சு இல்லை.

நிறுத்தத்தான் போனேன்.
மூன்று மணிக்கு என்ன ஆகும் என்று
எந்த டிரைவரும் சொல்லவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்தேன். சக்கரங்கள் ஓடின.
என் போன் என்னை ஆந்திரத்துக்கு வரவேற்றது.